உப்புக்காரர் இருந்த நோன்பு

சந்தவாசலை ஒட்டிய அந்தோணியார்புரத்தில் சந்தியாகப்பனுக்குக் கழுதைகள் இரண்டு. அவர் மனைவி ரோசியைக் கேட்டால் மூன்று என்பாள். மூன்றாவது எது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற அளவுக்கு அந்த ஊரில் மண்டு எவனும் கிடையாது.

தொழில் உப்பு. கலசப்பாக்கத்தில் கல்லுப்பு மூட்டை எடுப்பார், கழுதைகள் மேல் ஏற்றுவார், ஜவ்வாது மலை ஏறுவார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் வீடு வீடாக உப்பை அளந்து போட்டுவிட்டு, பதிலுக்குப் புளியும் சாமையும் கடுக்காயும் வாங்கிக்கொண்டு இறங்குவார். மலைக்கு அப்போதே ஜீப் ஓட ஆரம்பித்திருந்தது. ஆனால் உப்பு மூட்டையைக் கண்டால் ஜீப்காரன் தகரம் துருப்பிடிக்கும் என்று விரட்டிவிடுவான். அதனால் சந்தியாகப்பன் காட்டில் மழைதான்.

"என் உப்பு ஏறலன்னா மலையில ஒரு பானை பொங்காது" என்பார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி மீசை.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு, சமையல். அந்தோணியார் திருவிழாவுக்கு ஊருக்கே ஆக்கிப் போடும் கறிச்சோற்றுக்கு வருஷா வருஷம் அவர்தான் தலை. அடுப்படியில் நின்றுவிட்டார் என்றால் பங்குச்சாமியாரையே "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி, பொகை" என்பார். அதிலும் ஒரு வீம்பு: ஆக்கியதை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். சாமியார் வந்து அண்டாவை மந்திரித்து, தீர்த்தம் தெளித்த பிறகுதான் அது மனுஷர் வாயில் படலாம் என்பது ஊர் வழக்கம். மற்ற சமையல்காரர்கள் ஓரமாகத் திரும்பிக்கொண்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிடுவார்கள். அந்தோணியாரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். சந்தியாகப்பன் அப்படியா? "நாக்குல வச்சுப் பாக்கறவன் சமையக்காரனா? ஆவி மூக்குல பட்டாப் போதும், உப்பு இன்னா, காரம் இன்னான்னு புட்டுப் புட்டு வச்சிருவேன்."

எழுபத்து நாலாம் வருஷத் திருவிழாவில் அந்த மூக்கு அவரைக் கைவிட்டது.

அன்றைக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அவர் மலையில் கரடியைப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. இவர் உப்பு மூட்டையைத் தூக்கி அதன் மூஞ்சியில் அடித்தார். கரடி ஓடிற்று. கதை முடிந்தபோது குழம்பும் முடிந்திருந்தது. சாமியார் வந்தார், மந்திரித்தார், பந்தி உட்கார்ந்தது.

முதல் பந்தியில் ஊரே இலைக்கு முன்னால் உட்கார்ந்து வாயில் வைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமியார் பெரிய மனிதர், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தேடினார். கோபால்சாமி என்கிற கணக்குப்பிள்ளை இரண்டாம் தடவை ஊறுகாய் கேட்டார். எல்லாரும் பிரமாதம் பிரமாதம் என்று தலையாட்டிக்கொண்டு ஊறுகாய்ச் சட்டியைக் காலி செய்தார்கள்.

ஒரே ஒரு ஆள் மட்டும் வாயைத் திறந்தார். அவர் பிலிப்ராஜ். சைக்கிள் கடை வைத்திருந்தவர். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். சந்தியாகப்பனின் தங்கை மதலேனாளைக் கட்டியவர். சின்ன வயசிலிருந்து ஒரே இலையில் சாப்பிட்ட சிநேகம், பிறகு அது மச்சான் உறவும் ஆயிற்று. இரண்டும் சேர்ந்தால் வாய்க்குப் பூட்டு ஏது?

"மச்சான்! மலைக்கெல்லாம் உப்பு விக்கிற, இதுல போட மறந்துட்டியே!"

அடக்கி வைத்திருந்த பந்தி மொத்தமும் பொத்துக்கொண்டு சிரித்தது. சாமியாருக்குப் புரையேறிற்று.

அந்த நிமிஷம் "அடச்சே, மறந்துட்டேன்டா" என்று தலையில் ஒரு குட்டு குட்டிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் உப்பு வியாபாரி உப்பை மறந்தான் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. மீசை துடித்தது.

"இன்னா சொன்ன? உப்பு இல்லியா? உன் நாக்கு செத்துப்போச்சுடா! இத்தினி பேர் சாப்பிட்றாங்க, எவனாச்சும் வாயத் தொறந்தானா? பீடி குடிச்சுக் குடிச்சு மரத்துப்போன நாக்கு, அதுக்கு உப்பு தெரியுமா, பருப்பு தெரியுமா!"

"கோவிச்சுக்காத மச்சான், நீயே வாயில வச்சுப் பாரு."

சந்தியாகப்பன் ஒரு இலையைப் பறித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குழம்பை மூன்று கரண்டி ஊற்றிப் பிசைந்து அடித்தார். முதல் கவளத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றுவிட்டு, எழுந்து, ஏப்பம் விட்டார்.

"கரெக்டா கீது. இதாண்டா உப்பு. நீங்க தின்றதெல்லாம் கடல் தண்ணி." அதோடு நிறுத்தினாரா? கோயில் பக்கம் கையை நீட்டி, "அந்தோணியார் மேல சத்தியமா சொல்றேன். உப்பு இருந்துச்சுன்னு இவன் வாயால சொல்ற வரைக்கும் இவன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். நன்மையும் வாங்க மாட்டேன்" என்றார்.

நற்கருணை அப்பத்தை அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் நன்மை என்பார்கள். பூசையில் முதல் ஆளாகப் போய் முழங்கால் போட்டு நன்மை வாங்குகிறவர் சந்தியாகப்பன். வாய்க்கு வந்ததையெல்லாம் சத்தியத்தில் சேர்த்துக் கட்டிவிட்டார். சாமியார், "ஏன்யா, குழம்புக்கும் ஆண்டவருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். அவரே பொறுக்கியெடுத்த வெள்ளைக் கல்லுப்பு, துண்டில் கட்டியது கட்டினபடி, செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. இப்படியும் அப்படியும் பார்த்தார். மூட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு அந்தண்டை கொட்டினார். அங்கேதான் கழுதைகள் கட்டியிருந்தன என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று. அன்று சாயங்காலம் இரண்டு கழுதைகளும் தொட்டித் தண்ணீர் மொத்தத்தையும் உறிஞ்சிவிட்டு இன்னும் கொண்டா என்று கத்தின. ரோசி கழுதையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

ராத்திரி ரசம் ஊற்றினாள். ஒரு வாய் வைத்ததும் நாக்கு குதியாட்டம் போட்டது. ஆனால் ஊருக்கு முன்னால் சொன்ன பேச்சு இருக்கிறதே! அந்தக் குழம்பில் உப்பு சரியென்றால், இந்த ரசத்தில் கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்?

"இன்னாமே இது, ஒரே கரிப்பு" என்று தட்டைத் தள்ளினார்.

ரோசி மறுநாளிலிருந்து அவர் பங்குக்கு உப்பே போடவில்லை. கொஞ்சமாகப் போடு என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "உங்க நாக்குக்குத் தெரியாதா? எதுக்கு வம்பு" என்றாள் அவள். அவளுக்கும் வீம்பு கொஞ்சம் உண்டு. தனக்கென்று தனிச்சட்டியில் உப்பும் புளியும் தூக்கலாகக் கருவாட்டுக் குழம்பு வைத்து, அவர் எதிரில் உட்கார்ந்து, சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள்.

ஊரில் எத்தனையோ பேர் வீம்புக்கு வேலி தாண்டியிருக்கிறார்கள். வீம்புக்கு நாக்கை அடகு வைத்தவர் இவர் ஒருவர்தான். உப்பு மூட்டை மேல் தலைவைத்துத் தூங்குகிறவர் உப்பில்லாமல் சாப்பிட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் பார்க்கிற மாதிரி, "எனக்கு உப்பு வாணாம்" என்று குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்றார். பிலிப்ராஜ் அங்கே இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவார்.

தவக்காலம் வந்தது. செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியார் உட்காரும் கூண்டுக்கு முன்னால் முழங்கால் போட்டார்.

"சாமி, மலை ஏறச்சொல்ல ஒரு கல்லு உப்பு எடுத்து நாக்குல வச்சிட்டேன்."

"அது பாவமில்லையேப்பா."

"எனக்குப் பாவம் சாமி."

சாமியார் பொறுமைசாலி. மெல்ல மெல்லக் கேட்டு நூலைப் பிடித்துத் திருவிழாவுக்கு வந்து சேர்ந்தார். "சரி, அன்னைக்குக் குழம்புல உப்பு போட்டீங்களா, போடலியா?"

சந்தியாகப்பன் மீசையை நீவினார்.

"அத்த வுடுங்க சாமி."

"அதை விட்டுட்டு நான் வேற எதை மன்னிக்கிறது? போய் மச்சான்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

"அவன் மொதல்ல வரட்டும்."

"அப்ப அவர் வந்தப்புறம் நீங்க வாங்க" என்று சாமியார் பலகையைச் சாத்திவிட்டார். மன்னிப்பும் இல்லை, நன்மையும் இல்லை. சந்தியாகப்பன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, என்னமோ சாமியாரை ஜெயித்துவிட்ட மாதிரி வெளியே வந்தார்.

அதிலிருந்து பூசைக்கு அவர் உள்ளே போவதில்லை. கோயில் வாசலுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றுகொண்டு பூசை பார்ப்பார். நன்மை வழங்குகிற நேரத்தில் மட்டும் கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதே நேரத்துக்கு எப்படித்தான் அந்தக் கழுதைகளுக்குத் தாகம் எடுத்ததோ!

இது ஒருபக்கம். மலைமேல் நடந்தது இன்னொரு கூத்து.

மேலே வேடியப்பன் என்று ஒருவர், பழைய வாடிக்கைக்காரர். சந்தியாகப்பன் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் களியும் கீரையும். ஒரு நாள் கீரையில் உப்புப் போடுவதற்கு முன்னால், "எனக்கு உப்பில்லாம எடுத்து வச்சிருங்க" என்றார். வேடியப்பன் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். உப்பை விட்டு விரதம் இருப்பது பெரிய காரியம் அவர்களுக்கு. சாமி கும்பிடு வந்தால் பூசாரி நாலு நாள் உப்பைத் தொட மாட்டார், அதற்கே ஊர் அவர் காலில் விழும்.

"விரதமாங்க?" என்றார் வேடியப்பன்.

சந்தியாகப்பன் ஒரு கணம் யோசித்தார். "ஆமா" என்றார்.

"எத்தினி நாளா?"

"வருசக்கணக்கா."

அடேயப்பா! அடுத்த தடவை போனபோது மிதியடியைக் கழற்றுவதற்குள் கோரைப்பாய் விரித்திருந்தது. அதற்கடுத்த தடவை மங்கம்மாள் என்பவள் காய்ச்சல்காரக் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். இவர் என்ன செய்வார், நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். வெறும் சளிக்காய்ச்சல், எப்படியும் இரண்டு நாளில் விட்டிருக்கும். விட்டது. அவ்வளவுதான், "உப்பு தொடாத சாமி" என்று நாலு ஊருக்குப் பேர் பரவிவிட்டது. காணாமல்போன ஆட்டைப் பற்றிக் கேட்டார்கள். கத்திரி போடலாமா, துவரை போடலாமா என்று கேட்டார்கள். இவரும் கண்ணை மூடிக்கொண்டு துவரை என்றார். கீழே கிறிஸ்தவனாக நன்மை வாங்காத மனுஷர், மேலே சாமியாராக உட்கார்ந்து ஆசீர்வாதம் வழங்கிக்கொண்டிருந்தார்.

ருசியெல்லாம் நாக்கை விட்டுப் போனவருக்கு இந்த ருசி பிடித்துவிட்டது. மலையில் தங்குவது ஒரு நாள், இரண்டு நாள் என்று நீண்டது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு இறங்கவில்லை, கழுதை நொண்டுகிறது என்றார். ஈஸ்டர் பாஸ்காவுக்கும் இறங்கவில்லை. இந்த முறை மற்றொரு கழுதை நொண்டிற்று.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் இறங்கி வந்தார். புங்க மரத்தடியில் நின்றார். உள்ளே சிலுவை முத்தி நடந்துகொண்டிருந்தது. சிலுவையை முத்தமிட ஊரே வரிசையில் போகிறது. பிலிப்ராஜின் ஆர்மோனியம் இழுத்து இழுத்து அழுதது. அந்த இழுப்பு சந்தியாகப்பனுக்கு அத்துப்படி. ஆர்மோனியத்துக்குத் துருத்தி கிழிந்தபோது இரண்டு பேருமாகத்தான் வேலூர் போய்ச் சரிபண்ணி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பாட்டின் இரண்டாம் அடியில் சேர்ந்துகொள்ள வாயைத் திறந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே போய்விட வேண்டும் என்று உடம்பெல்லாம் தவித்தது. பத்தடி நடந்தால் வாசல். கால் எடுத்து வைக்கப் போனபோது, வாசலில் நின்ற யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

அந்த வருஷமே ஒரு நாள் வேடியப்பன் மலையிலிருந்து இறங்கி வந்தார். சாமியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று புளிமூட்டையோடு வந்தவர், வழி கேட்டது எங்கே? பிலிப்ராஜின் சைக்கிள் கடையில். சந்தியாகப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்து விஷயத்தைச் சொன்னபோது இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, மானம் கப்பலேறியது!

"அவன் இன்னா சொன்னான்?"

"உப்பு தொடாத சாமி வூடு எதுங்கன்னு கேட்டேன். ஒரு நாழி என்னையே பாத்தாருங்க. அப்புறம் பஞ்சர் ஒட்டறத வுட்டுட்டு எழுந்து, எம்மாம் பெரிய விரதம், சாமானியப்பட்ட மனுசனால முடியாதுன்னு சொல்லி, கூடவே வந்து தெருமுனை வரைக்கும் காட்டிட்டுப் போனாருங்க."

காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். ரோசி, "பாத்தீங்களா பிலிப்ராஜ் அண்ணன? அவரு உப்பு போட்டுச் சோறு தின்றவரு" என்றாள்.

ஏழாம் வருஷம் பிலிப்ராஜுக்குக் கால் வீங்கிற்று. பிறகு முகம் வீங்கிற்று. வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிறுநீரகம் கெட்டுவிட்டது, உப்பை அறவே ஒதுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மதலேனாள் உப்பில்லாமல் வடித்துக் கொட்டியதை அந்த மனுஷன் வாயில் வைக்கவில்லை. அவள் கொல்லைச் சுவர் ஓரமாக வந்து ரோசியிடம் அழுதாள். ஆண்கள் பேசாவிட்டால் என்ன, அண்ணியும் நாத்தியும் இத்தனை வருஷமும் அந்தச் சுவர் வழியாகத்தான் குடும்பம் நடத்தினார்கள்.

ரோசிக்கு அந்தக் கைப்பக்குவம் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பூண்டைச் சுட்டு, மிளகைத் தட்டி, எலுமிச்சையைப் பிழிந்து, உப்பு இல்லாத குறையே தெரியாமல் ஒரு குழம்பு வைப்பாள். தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது வாளி காலி.

"இன்னா சொன்னான்?" என்றார் சந்தியாகப்பன், கழுதைச் சேணத்தைத் தைத்துக்கொண்டே, என்னமோ அக்கறையில்லாத மாதிரி.

"அருமைன்னாரு."

ஊசி கையில் குத்திற்று. "அருமைன்னானா? உப்பு சரியா கீதுன்னு சொன்னானா?"

"உப்பே இல்லன்னாரு. அதான் அருமையாம்."

சந்தியாகப்பன் ஊசியை வீசி எறிந்தார். ரோசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, அங்க ஒரு மனுசன் சாகக் கெடக்கறாரு, உங்களுக்கு இன்னும் அந்தக் குழம்பா? கழுதைங்களுக்கு அன்னிக்கு எதுக்குத் தாகம் எடுத்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? போய்ப் பாருங்க!"

"சத்தியம் பண்ணிருக்கறேன்" என்றார். அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவஸ்தை பூசச் சாமியார் வந்தார். சாகக் கிடப்பவருக்குத் தைலம் பூசி, கடைசி நன்மை கொடுப்பதற்கு. பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். இவர் புதியவர், இளைஞர். மத்தியான வெயிலில் தெருவே அங்கே கூடிவிட்டது. சந்தியாகப்பனும் போனார். ஆனால் வாசப்படி ஏறவில்லை. தெருவில் ஜன்னல் ஓரமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கட்டிலில் பிலிப்ராஜ் கிடந்தது தெரிந்தது. ஊதிப்போன முகத்தில் பழைய மச்சானைத் தேட வேண்டியிருந்தது.

பாவசங்கீர்த்தனம் கேட்க எல்லாரையும் வெளியே போகச் சொன்னார் சாமியார். பிலிப்ராஜ் கையைத் தூக்கித் தடுத்தார்.

"இருங்க சாமி. ஒண்ணு எல்லாருக்கும் முன்னால சொல்லணும். அந்த வருசம் திருவிழாவுல எங்க மச்சான் குழம்புல உப்பு இல்லன்னு சொன்னேன். அது பொய். உப்பு இருந்துச்சு. நான்தான் கேலிக்குச் சொன்னேன். அதனால ஒரு மனுசன் நன்மை வாங்காமப் போய்ட்டாரு. அந்தப் பாவம் என்னோடது."

சாமியார் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, அப்பம் இருந்த சின்னச் சிமிழைத் திறந்தார்.

ஜன்னலில் நின்றவருக்குக் கேட்க வேண்டியது கேட்டுவிட்டது. ஏழு வருஷமாக நாக்கைக் கட்டிப்போட்டுக் காத்திருந்த பேச்சு. ஊர் முன்னால், அவன் வாயால், ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டார். ஆனால் அவர் கண் சாமியார் கையிலிருந்த சிமிழுக்குப் போயிற்று. ஆண்டவரை நாக்கில் வாங்கப் போகிற நேரத்தில் இவன் பொய் சொல்கிறான். எனக்காக! என் மீசைக்காக!

"குடுக்காதீங்க சாமி!" என்று ஜன்னல் வழியே கத்தினார். "பொய் சொல்றான்! அவன் பொய் சொல்றான்!"

சத்தியத்தையும் வாசப்படியையும் ஒரே தாவில் தாண்டி உள்ளே வந்து நின்றார். சாமியார் மிரண்டுபோய்ச் சிமிழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உப்பு போடல சாமி! கரடி கத சொல்லிக்கினு மறந்துட்டேன். கட்டினது கட்டினபடி கெடந்துச்சு. செவுத்துக்கு அந்தண்டை கொட்டிட்டு, இருந்துச்சு இருந்துச்சுன்னு சாதிச்சேன். அவன் சொன்னது நெசம். ஊர்ல அவன் ஒருத்தன்தான் நெசம் சொன்னான்!" சொல்லும்போதே குலுங்கிக் குலுங்கி அழுதார். "மலையில போய் விரதம்னு வேற ஏமாத்தினேன் சாமி."

"கழுதைக்குத் தெரிஞ்சது ஊருக்குத் தெரிய ஏழு வருசமா ஆச்சு" என்று பின்னாலிருந்து ரோசி முணுமுணுத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே யாரோ சிரித்தார்கள். மதலேனாளும் சிரித்துவிட்டாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. கட்டிலில் பிலிப்ராஜின் வயிறு குலுங்கியது.

"தெரியும்டா" என்றார். மூச்சு வாங்கிற்று. "நான் போய்ட்டா உனக்கு அத்த யார் வந்து சொல்லுவாங்க? நீ நன்மை வாங்காமயே செத்துருவியேன்னுதான்."

சாமியார் எல்லாரையும் வெளியே அனுப்பினார். பிலிப்ராஜின் பாவசங்கீர்த்தனம் சுருக்கமாக முடிந்தது. அந்தப் பொய்யைத் தவிர அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. சந்தியாகப்பனுடையதுதான் நீண்டுகொண்டே போயிற்று. கேட்டு முடித்துவிட்டுச் சாமியார் வியப்போடு அவரைப் பார்த்தார்.

"ஏழு வருஷமா உப்பில்லாமலா? எந்தத் தவமுனிவரும் இப்படி நோன்பு இருந்ததா எனக்குத் தெரியாதுங்க. இதை ஆண்டவருக்காகச் செஞ்சிருந்தா உங்க படத்தைக் கோயில்ல மாட்டியிருப்பாங்க. நீங்க யாருக்காகச் செஞ்சீங்க?"

"எனக்காகத்தான் சாமி."

"அப்ப ஒரு நாள்கூடக் கணக்குல வராது."

"அபராதம் இன்னா சாமி? எதுன்னாலும் செய்றேன்."

"நீங்களே போட்டுக்கிட்டது போதும். போய் அவர் பக்கத்துல உக்காருங்க."

சிமிழில் அப்பம் ஒன்றுதான் இருந்தது. ஒரு நோயாளிக்கென்று எடுத்து வந்தது. சாமியார் அதை இரண்டாகப் பிட்டார். பிலிப்ராஜுக்குக் கொடுத்தது போக மீதிப் பாதியைச் சந்தியாகப்பன் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டார். குழந்தை மாதிரி விம்மினார்.

எல்லாம் முடிந்து சாமியார் கிளம்பிப் போன பிறகு பிலிப்ராஜ் கண்ணைத் திறந்தார். "மலையில இன்னாவோ சாமியாராமே நீ. வேடியப்பன் சொன்னப்பவே கேக்கணும்னு இருந்துச்சு. சொல்லு மச்சான், மொதல்லருந்து சொல்லு."

சந்தியாகப்பன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். ரசத்தைக் கரிப்பு என்று தள்ளியதைச் சொன்னார். ரோசி எதிரில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு தின்றதைச் சொன்னார். கூண்டுக்குள் சாமியார் பலகையைச் சாத்தியதைச் சொல்லும்போது பிலிப்ராஜின் உதடு இழுபட்டது. சொல்லச் சொல்ல இவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வேடியப்பன் கோரைப்பாய் விரித்தார், மங்கம்மாள் குழந்தையைக் கொண்டுவந்தாள், இவர் சிலுவை போட்டார். கத்திரியா துவரையா என்று கேட்டபோது இவர் முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்று கண்ணை மூடி நடித்துக்காட்டினார்.

"எனக்கு இன்னா தெரியும் மச்சான்? துவரைன்னுட்டேன். அந்த வருசம் பாத்து..."

மதலேனாள் பிலிப்ராஜின் திறந்திருந்த கண்களை விரலால் மூடிவிட்டு, அண்ணன் தோளில் கை வைத்தாள்.

"போதும்ண்ணா" என்றாள்.